ஒரு கட்டத்துக்கு ஒன்று

நிலக்கரிக் குழி நொச்சிப்பாடியைத் தின்று முடித்தபோது, வாயோரத்தில் ஒட்டிய பருக்கை மாதிரி மிஞ்சிய எங்களை லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து நான்காம் எண் மாற்றுக் குடியிருப்பில் இறக்கிவிட்டார்கள். இறக்கிய அன்றைக்கே எங்களை எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா வந்தார். குடும்பத் தலைவர் பேரை மட்டும் சொல்லுங்கள் என்று அவர் கேட்டார், நாங்கள் பேரோடு நிறுத்துகிற ஆட்களா, பிள்ளைகளைச் சொன்னோம், ஆடுகளைச் சொன்னோம், குழிக்குள் போன கிணற்றையும் கிணற்றடி முருங்கையையும் சொன்னோம், இடுகாடும் குழியோடு போய்விட்டதால் அதில் படுத்திருந்தவர்களை இனி எங்கே போய்ச் சொல்வது என்று அவர்களையும் ஒவ்வொருவராகச் சொன்னோம். "செத்தவங்களயெல்லாம் எழுத முடியாதும்மா" என்றார் குமாஸ்தா. "அப்ப எங்களயும் எழுதாத, லாரிய வரச்சொல்லு, நாங்க திரும்பிப் போறம்" என்றார்கள் எங்கள் பெண்கள். திரும்பிப் போக ஊர் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, நல்ல மனிதர், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தார்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு வரிசை, ஒரு கட்டத்துக்குள் எத்தனை கொள்ளுமோ அத்தனை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு காற்புள்ளி என்று எழுதினார். இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் ஆடும் மாடும் குலசாமியும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள், லாரியில் வந்தது போலவேதான், ஆனால் யாரும் கீழே விழவில்லை. அந்த அட்டவணை பின்னால் அப்படியே கணினிக்குள் போனது. வருஷங்கள் போனபின் மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய ஆபீசர் வந்து அதைத் திறந்து பார்த்து, இது அட்டவணையே இல்லை, குப்பைமேடு என்று மூக்கைப் பொத்தாத குறையாகச் சொன்னார். இதை இயல்பாக்கம் செய்ய வேண்டும், அதாவது முதல், இரண்டாம், மூன்றாம் வடிவம் என்று மூன்று படியாகப் பிரித்து எதையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும், செய்து முடித்தால்தான் வீட்டுமனைப் பட்டா, அதுவரை ஒருவருக்கும் கிடையாது என்றார். "நாங்க என்ன இயல்பா இல்லாமயா இருக்கறம்?" என்று டீக்கடையில் கேட்டுச் சிரித்தோம். சிரிப்பதற்கு அப்போது எங்களுக்கு வாய் இருந்தது.

அந்த வேலைக்கு ஆபீசர் எடுத்தது எங்கள் இன்பவல்லியை. சிதம்பரத்தில் கணினி படித்தவள், குடியிருப்புப் பிள்ளை, வெளியாள் என்றால் கேட்கிற சம்பளத்தில் பாதிக்கு வருவாள் என்பதும் ஆபீசருக்குத் தெரியும். அவளுடைய அம்மா அஞ்சுகத்தைத் தெரியாதவர்கள் இங்கே இல்லை. அஞ்சுகத்தின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டவன், அதற்காக அவள் ஒரு நாள்கூட அழுததில்லை. ஆனால் நாங்கள் இங்கே வந்த இரண்டாம் மழைக்காலத்தில், குடியிருப்பை ஒட்டி, கரி தீர்ந்து கைவிட்ட பழைய குழியில் தண்ணீர் நிரம்பிப் பச்சையாய்க் கிடந்தபோது, அவளுடைய சின்னவன் தென்னரசு குளிக்கப் போய் ஏறிவரவில்லை. அன்றிலிருந்து அஞ்சுகம் கொல்லைப் படியில் குழியைப் பார்த்து உட்கார்ந்தவள்தான். சோறு பொங்குவாள், மகளுக்குப் போடுவாள், போடும்போதும் முகம் குழிப் பக்கம் இருக்கும். உயிரோடு இருந்த பிள்ளைக்கு வயிறு நிறைந்தது, வேறொன்றும் நிறையவில்லை. குமாஸ்தா அப்போது இந்த வழியாக வந்தவர், பையன் பேரை அடிக்க மனம் வராமல் விட்டுவிட்டு, அஞ்சுகத்தின் குறிப்புக் கட்டத்தில் 'மகன் இறந்ததால் ஓயாத துயரம்' என்று மட்டும் சேர்த்துக்கொண்டு போனார்.

தென்னரசு போனபிறகு ஆடி மாதம் பிறந்தால் வீட்டுக்கு ஒரு கட்டு கருவேல முள் கொண்டுபோய்ப் பழைய குழியைச் சுற்றிப் போடுவது எங்களுக்கு நோன்பு மாதிரி ஆனது. அதற்குத் தென்னரசு வேலி என்றே பேர். இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு, அது நொச்சிப்பாடியிலிருந்தே கூட வந்தது. பிள்ளை செத்த வீட்டில் ஒப்பாரியைப் பெற்றவள் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான் முதல் அடி மாரில் அடித்து முதல் வரியை எடுக்க வேண்டும், அவள் எடுத்துக்கொடுத்த பிறகுதான் பெற்றவள் உட்பட மற்றவர்கள் வாய் திறக்கலாம். வழி தெரிந்தவள் முன்னால் போகாவிட்டால் பிள்ளை பாதிவழியில் நின்றுவிடும் என்பார்கள். இங்கே வந்தபின் போன குழந்தைகளுக்கெல்லாம் அஞ்சுகம்தான் எடுத்துக்கொடுத்தாள். அவளுடைய துயரம் அவளுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை, ஊர்க் கிணறு மாதிரி எல்லோரும் இறைத்துக்கொண்டோம்.

இன்பவல்லி வேலையைத் தொடங்கினாள். முதல் வடிவத்துக்கு ஒரே விதி: ஒரு கட்டத்துக்கு ஒன்று. ஒரு கட்டத்தில் இரண்டு இருந்தால் வரிசையை இரண்டாக எழுது, மூன்று இருந்தால் மூன்றாக எழுது, காற்புள்ளி என்று ஒன்று எங்கேயும் இருக்கக் கூடாது. அவள் பகல் பூராவும் உட்கார்ந்து காற்புள்ளிகளைப் பேன் எடுப்பது போல ஒவ்வொன்றாக எடுத்தாள், சாயங்காலம் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் விடிந்ததும் டீக்கடைக்கு மூன்று காளியப்பன்கள் வந்தார்கள்.

காளியப்பனுக்குப் பறையடிப்பது, ஆட்டுத் தரகு, ஓடு பதிப்பது என்று மூன்று தொழில், மூன்றும் ஒரே கட்டத்தில் இருந்தவை. இப்போது தொழிலுக்கு ஒருவராக மூன்று பேரும் ஒரே கைலியைக் கட்டிக்கொண்டு ஒரே மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் மூன்று டீ போட்டார், வேறென்ன செய்வார். அவன் பெண்டாட்டி பட்டம்மா வாசலில் நின்று, "ஒருத்தனுக்கே ஆக்கிப்போட முடியல, இதுல மூணா? கொறட்டையாச்சும் வேற வேறயா வுடக்கூடாதா?" என்றாள், உலையில் கூடக் கொஞ்சம் அரிசி போட்டாள். நாங்களும் பழகிக்கொண்டோம். சாவு வீட்டுக்குப் பறைக்காரனைக் கூப்பிட்டோம், சந்தைக்குத் தரகுக்காரனைக் கூப்பிட்டோம், ஓட்டுக்காரன் மட்டும் வேலையில்லாமல் திண்டாடினான், இப்போது யார் வீட்டில் ஓடு இருக்கிறது. இரண்டு மாடு வைத்திருந்தவர்கள் இரண்டு பேராகி ஆளுக்கொரு மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தர் போனால் ஊர்வலம், இருவர் பேசினால் கூட்டம் என்று ஆனாலும், கூடிய ஆள் அத்தனையும் பழைய ஆட்கள்தான் என்பதால் பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தோம்.

அஞ்சுகமும் இரண்டு பேராக எழுந்திருந்தாள். அவள் கட்டத்தில் இருந்தது 'இன்பவல்லி, தென்னரசு' என்று இரண்டு பேர். இன்பவல்லியைப் பெற்ற அஞ்சுகம் அடுப்படியில் நின்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தோசை சுட்டாள். தென்னரசைப் பெற்ற அஞ்சுகம் கொல்லைப் படியில் குழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், சாப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. அடுப்படிக்காரிக்குப் படியில் இருந்தவள் யார் என்றே தெரியவில்லை.

"யாரு பாப்பா அந்தப் பொம்பள, பாவம், நம்ம கொல்லப் படியிலயே குந்தியிருக்கா? ஒரு வா சோறு குடுத்தாலும் வாங்க மாட்டங்கறா" என்று மகளிடம் கேட்டாள்.

எதிரில் இருந்த அம்மா தன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள், கேட்டதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கிறாள் என்பதையே இன்பவல்லியால் நம்ப முடியவில்லை. தோசையைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டே அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள், அதில் தப்பு ஒன்றும் இல்லை, இத்தனை வருஷம் பட்டினி கிடந்தவளுக்கு முதல் கவளம் அப்படித்தான் இறங்கும்.

ஆனால் முதல் வடிவம் நிலைக்கவில்லை. மூன்று காளியப்பன்களும் சம்பாத்தியத்துக்கும் பட்டம்மாவுக்கும் சண்டை போட்டு, ஒருத்தன் இன்னொருத்தன் மண்டையை உடைத்தான், உடைபட்டது யார் மண்டை என்று போலீஸ்காரர் கேட்டதற்கு மூன்று பேரும் என்னுடையது என்றார்கள். ஆபீசருக்கும் பிடிக்கவில்லை. ஒரே ஆளின் பேரையும் முகத்தையும் எத்தனை இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி வைப்பது, வரிசையை அடையாளம் காட்டுகிற எண்தான் சாவி, அந்தச் சாவியில் பாதியை மட்டும் சார்ந்தது எதுவோ அதைப் பிரித்துத் தனி அட்டவணையில் வை, இரண்டாம் வடிவத்துக்குப் போ என்று தொலைபேசியில் சொன்னார். அதாவது காளியப்பன் என்கிற ஆள் காளியப்பன் எண்ணை மட்டும் சார்ந்தவன், அவனை ஆட்கள் அட்டவணையில் ஒரே ஒரு தடவை வை. தொழில்களைத் தொழில் அட்டவணையில் வை, பிள்ளைகளைப் பிள்ளைகள் அட்டவணையில் வை, எது யாருடையது என்று தெரிய எண்ணை மட்டும் பக்கத்தில் எழுது. இன்பவல்லி தயங்கினாள், அடுப்படிப் பாட்டு போய்விடுமே என்று தயங்கினாள். பட்டாவுக்காக ஊரே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவளும் செய்தாள்.

மறுநாள் ஒரே காளியப்பன் எழுந்தான், மண்டையில் கட்டோடு. அவனுக்குப் பறையடிக்கத் தெரியவில்லை, ஆட்டின் பல்லைப் பிடித்து வயசு சொல்லத் தெரியவில்லை. தொழில்களெல்லாம் கூட்டுறவுக் கிடங்கில் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஆளின் எண். காலையில் போய் எண்ணைச் சொல்லி வாங்கிக்கொண்டால் கைக்கு வேலை வரும், இருட்டுவதற்குள் திருப்பி மாட்டிவிட வேண்டும். நாங்கள் கிடங்கு வாசலில் வரிசை நிற்கப் பழகினோம். ரேஷனுக்கு நின்ற கால்கள்தானே, வலிக்கவில்லை.

பிள்ளைகளின் பாய்கள் சமுதாயக் கூடத்துக்குப் போயிருந்தன. கைப்பிள்ளையிலிருந்து கல்யாணமாகாத பெரியவர்கள் வரைக்கும், யாரெல்லாம் அட்டவணையில் இன்னாருடைய பிள்ளை என்று இருந்தார்களோ அவர்கள் எல்லோரும் பொழுது சாய்ந்தால் கூடத்தில் தங்கள் பாயில் கிடந்தார்கள், எப்படி வந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. மணிக்கட்டில் பெற்றவர்களின் எண் இருந்தது. தாய்மார்கள் காலையில் வாசலில் நின்று எண்ணைக் கூவி அழைத்துப் போனார்கள். முதல் சில நாள் அழுகையும் கூச்சலுமாக இருந்தது, அப்புறம் எண்ணையே ராகம் போட்டுக் கூவக் கற்றுக்கொண்டார்கள். தாலாட்டுக்கூட எண்ணில் வந்தது. தென்னரசுக்கும் ஒரு பாய் இருந்தது. அதில் யாரும் இல்லை, எண் மட்டும் இருந்தது. அடுத்த பாய் இன்பவல்லியுடையது. அஞ்சுகம் மறுபடி ஒரே ஆளாகி, பொழுதெல்லாம் அந்த வெறும் பாயைப் பார்த்து உட்கார்ந்தாள், மகளுக்குத் தெரிந்தது அவள் முதுகு. கை எட்டும் தூரத்தில் முதுகு இருந்தது என்பதுதான் பழைய நாளைவிடக் கொடுமையாக இருந்தது.

"அம்மா, இங்க பாரேன்" என்றாள் இன்பவல்லி.

"ம்" என்றாள் அஞ்சுகம், திரும்பவில்லை.

மூன்றாம் வடிவத்தின் விதி இது: தன்னால் வந்தது தன்னிடம் இருக்கலாம், இன்னொன்றின் வழியாக வந்தது தன்னிடம் இருக்கக் கூடாது, எதன் வழியாக வந்ததோ அதனிடம் போக வேண்டும். தெருவின் பேர் வீட்டைச் சார்ந்ததல்ல, பிளாக்கைச் சார்ந்தது, ஆகவே வீட்டிலிருந்து எடு. குலசாமி ஆளைச் சார்ந்ததல்ல, வகையறாவைச் சார்ந்தது, ஆகவே ஆளிடமிருந்து எடு. இப்படி எடுத்துக்கொண்டே வந்த இன்பவல்லி அம்மாவின் வரிசைக்கு வந்தபோது, குறிப்புக் கட்டத்தில் குமாஸ்தா எழுதிய 'மகன் இறந்ததால் ஓயாத துயரம்' அப்படியே இருந்தது. இது அம்மாவைச் சார்ந்ததா, மகனைச் சார்ந்ததா? மகன் இல்லாவிட்டால் இது உண்டா? விதிப்படி பார்த்தால் சந்தேகமே இல்லை. அவள் ஏமாற்றவில்லை, தனக்கு வேண்டியதற்காக விதியை வளைக்கவும் இல்லை. விதி சரியாக இருந்தது, அவளுக்கு வேண்டியதும் அதுவாகவே இருந்தது, அதுதான் எங்களுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. துயரத்தை அம்மாவிடமிருந்து எடுத்துத் தென்னரசின் வரிசையில் வைத்தாள்.

விடிந்தபோது எங்கள் வீடுகளுக்கு எந்தத் தெரு என்று தெரியாமல் பிளாக் பலகையைப் போய்ப் பார்த்து வந்தோம். பட்டம்மாவின் கோபம் காளியப்பனின் குடியால் வந்தது என்பதால் அவனிடமே போய்விட்டது, குடித்துவிட்டு வந்தவன் தன்னையே நிற்க வைத்துத் திட்டிக்கொண்டான், பட்டம்மா கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். கும்பிட வேண்டுமென்றால் வகையறா எண்ணைச் சொல்லிக் கும்பிட்டோம். கூடத்தில் தென்னரசின் பாய் நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று பார்த்தோம், ஒழுகவில்லை. யாரும் படுக்காத பாயிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, நாக்கில் வைத்தால் கரித்தது. காலையில் முதலில் வருகிறவர்கள் பாயைப் பிழிந்து வெயிலில் போடுவது என்று முறை வைத்துக்கொண்டோம். மறுநாளும் ஊறும், மறுநாளும் பிழிவோம்.

அஞ்சுகம் அன்று காலை எண்ணெய்க் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தாள். வெறும் பாயைத் தாண்டி வந்து மகளின் பின்னால் உட்கார்ந்தாள்.

"தல என்னாடி இப்பிடி சிக்கா கெடக்குது, ஒனக்குப் பெத்தவ இல்லயா?" என்று கடிந்துகொண்டு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, நேர்வகிடு எடுத்துப் பின்னிவிட்டாள். இன்பவல்லி அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் அம்மா எழுந்துவிடுவாளோ என்று மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டாள். பின்னி முடித்த சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனவளைப் பார்த்த எங்களுக்கும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. தினமும் பின்னினாள்.

பட்டாவுக்கு முன்னால் ஆபீசர் நேரில் வந்து பார்த்தார். கூடத்தில் பாயைப் பிழிந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, இதென்ன என்று கேட்டார். சொன்னோம். அவர் இன்பவல்லியிடம், "இறந்தவங்களுக்குப் பட்டா கிடையாது, பாயும் கிடையாது. அந்த வரிசைகளை அழிச்சிடு. அதைச் சார்ந்து என்னென்ன இருக்கோ அதுவும் தானா போயிடும், மிச்சம் சுத்தமாயிடும்" என்றார்.

அவள் அன்றைக்கு அழிக்கவில்லை. கூடத்துக்கு வந்து தம்பியின் பாயைத் தானே பிழிந்தாள். பிழியப் பிழிய வந்தது. தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சேலையை நனைத்தது. கொஞ்ச நேரம் பாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது வாசலிலிருந்து, "பாப்பா, வெளக்கு வக்கிறதுக்குள்ள வா, தல பின்னணும்" என்று அஞ்சுகம் கூப்பிட்டாள், பேரைச் சொல்லாவிட்டாலும் எண்ணைச் சொல்லாமல் கூப்பிட்டாள். மறுநாள் இன்பவல்லி ஆபீசுக்குப் போய் இறந்தவர்கள் எல்லோரையும் அழித்தாள்.

பாய் காய்ந்தது, சாயங்காலம் பார்த்தால் பாயே இல்லை. நொச்சிப்பாடி இடுகாட்டிலிருந்து எங்களோடு வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போனார்கள். போனார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களைச் சார்ந்து நின்றவை எல்லாம் கூடவே போயின: யாருக்காக வைத்த படையல், யாரிடம் கேட்ட பாட்டு, யார் செத்ததால் எந்த வழியாகப் போகக் கூடாது என்கிற பயம். லேசாக இருந்தது. சொல்லப்போனால் நன்றாகவே தூங்கினோம். அழித்தவளுக்கு மட்டும் அழித்தது நினைவிருந்தது, அது அப்படித்தான், கொலைகாரனுக்கும் அப்படித்தான்.

ஆடி பிறந்தது, யாரும் முள் வெட்டப் போகவில்லை. பழைய குழியைச் சுற்றி எதற்காக இத்தனை முள் கிடக்கிறது, யார் போட்டது என்று கேட்டு, பதில் தெரியாததால் அடுப்புக்கு இழுத்து வந்தோம். நன்றாக எரிந்தது. இன்பவல்லி மட்டும் வீடு வீடாகப் போய், "அத எடுக்காதீங்க, பசங்க போயிருவாங்க" என்றாள். "போனா என்னா?" என்று கேட்டோம். காரணத்தைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள், வாசலில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். ஐப்பசியில் மழை பெய்து குழி நிரம்பியது, பச்சைத் தண்ணீர் பார்க்க அழகாக இருந்தது, பிள்ளைகள் குளிக்கப் போனார்கள். காளியப்பன் பட்டம்மா தம்பதியின் ஒரே மகள் மேகலை ஏறிவரவில்லை.

குழந்தையைத் தூக்கி வந்து காளியப்பன் வீட்டு வாசல் பெஞ்சில் கிடத்தினோம். முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் பெஞ்சுக்கடியில் குட்டையாகத் தேங்கியது. காளியப்பன் கிடங்குக்கு ஓடி எண்ணைச் சொல்லிப் பறையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். ஒப்பாரி தொடங்காமல் பறை தொடங்கக் கூடாது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். யாரும் தொடங்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒருத்தி எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தது, அப்படி ஒருத்தியும் எங்கள் ஊரில் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லார் முகமும் துடைத்த பலகையாக இருந்தது. பட்டம்மாவின் வாய் திறந்து திறந்து மூடியது, நெஞ்சுக்கு ஏறியது தொண்டைக்கு வரவில்லை.

"யாராச்சும் ஆரம்பிச்சி வுடுங்களண்டி" என்றாள். "எம்புள்ள நடுவழியில நிக்கிது. யாராச்சும் ஆரம்பிங்களண்டி."

எதனாலோ பெண்களின் கண்கள் ஒவ்வொன்றாக அஞ்சுகத்தின் பக்கம் திரும்பின. காரணம் ஒருவருக்கும் தெரியாது, கண்ணுக்குப் பழக்கம்.

"என்னா எல்லாரும் என்னயவே பாக்கறீங்க?" என்றாள் அஞ்சுகம். "எனக்கு என்னா தெரியும்? எனக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் கல்லாட்டம் இருக்குது." சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த மகளின் சடையைத் தடவிக்கொடுத்தாள்.

இன்பவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது, ஈ வந்தது, ஒருத்தி முந்தானையால் ஈயை ஓட்டினாள். பட்டம்மா இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இன்பவல்லி அம்மாவின் கையை எடுத்து அம்மாவின் மடியிலேயே வைத்தாள். அன்று காலை பின்னிய சடையை முன்னால் இழுத்து, நுனியிலிருந்து பிரித்தாள், கடைசிப் புரிவரை பிரித்து விரித்துப் போட்டாள், போட்டுவிட்டு மாரில் அடித்தாள்.

"ஏய், நீ எடுக்கக் கூடாதுடி, கல்யாணமாவாதவ" என்று ஒருத்தி தடுத்தாள். அவள் கேட்கவில்லை.

"முள்ளு வெட்டிப் போட்டிருந்தன்
மூலையெல்லாம் காத்திருந்தன்
வேலிய நான் பிரிச்செடுத்தன்
ராசா தென்னரசே
ஒன் வெறும்பாயும் நான் சுருட்டி
ஒருத்தருக்கும் சொல்லலியே"

அவளுக்கு ராகம் தெரியவில்லை, வரி நொண்டியது, மேகலைக்கு அழ வேண்டிய இடத்தில் வேறு யாருக்கோ அழுதாள். கலைந்த கூந்தலை அள்ளி முடிந்துவிட வந்த அஞ்சுகத்தின் கை பாதியில் நின்றது.

"யாருடி அது?" என்றாள்.

"ஒம் புள்ளம்மா."

"எனக்கு நீ ஒருத்திதான."

"இல்லம்மா. ரெண்டு. சின்னவன் தென்னரசு. அரணாக் கொடியில ஒரு சாவி கட்டியிருப்பான், எதுக்கும் ஆவாத சாவி, பழைய ஊட்டுது. இந்தக் குழியிலதாம்மா. நீ கொல்லப் படியிலயே குந்தியிருந்த. நான்தாம்மா அவன ஒங்கிட்டேர்ந்து எடுத்தன். நீ என்னப் பாக்கணும்னு எடுத்தன்."

அஞ்சுகம் பெஞ்சில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். அதன் முடியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள், சொட்டு விழுகிற இடத்தில் தேங்கியிருந்த குட்டையைப் பார்த்தாள். விரலை அதில் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு அவள் முகம், எங்கள் கண்ணெதிரில், மெல்ல மெல்லப் பழைய குழியின் பக்கம் திரும்பியது. திரும்பி முடித்ததும் இரண்டு கையாலும் மாரில் அறைந்துகொண்டு முதல் வரியை எடுத்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் பட்டம்மாவின் தொண்டை உடைந்தது, பறை அதிர்ந்தது, எங்கள் எல்லோருக்கும் அவரவர் செத்தவர்கள் ஒரே சமயத்தில் திரும்ப வந்தார்கள், யார் யாருக்கு அழுகிறோம் என்று பிரிக்க முடியாதபடி பொழுது இறங்கும்வரை அழுதோம். மேகலை வழி தெரிந்து போயிருப்பாள் என்றே நம்புகிறோம்.

வேலியைத் திரும்பப் போட்டோம், இப்போது அதற்குத் தென்னரசு, மேகலை என்று இரண்டு பேர். அட்டவணையில் ஒன்றும் மாறவில்லை, அது சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆபீசர் பாராட்டிக் கடிதம் அனுப்பினார், பட்டாவும் வந்துவிட்டது. செத்தவர்களைத் திரும்ப எழுத இன்பவல்லி பார்த்தாள், வீட்டு எண் இல்லாமல் புது வரிசை சேர்க்க முடியாது என்று கணினி சொல்லிவிட்டது. ஆகவே அவர்களை நாங்களே வாயால் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், கிடங்குக்குப் போகும்போதும் கூடத்துக்கு வரும்போதும், ஒருவர் பேரோடு ஒருவர் பேரை ஒட்டி, மூச்சு விடாமல்.

அஞ்சுகம் கொல்லைப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை யாரும் குறை சொல்வதில்லை, அவள் எங்களுக்கு வேண்டும். இன்பவல்லி தன் தலையைத் தானே பின்னிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறாள். வகிடு கோணலாக இருக்கும்.